மணி, கொஞ்சம் பல்லைக் காட்டு!

உத்திரமேரூர் பக்கம் யாராவது மாடு வாங்கினா கவனிங்க ஃப்ரெண்ட்ஸ். பெரிசுங்க முதல்ல கை வைக்கிறது மாட்டோட வாயிலதான். ரெண்டு பல்லு போட்டிருந்தா ரெண்டு வயசு தாண்டியாச்சு. எட்டும் போட்டிருந்தா நாலைத் தாண்டியாச்சு. பராந்தகச் சோழன் காலத்துல, சபைக்கு வர 35-லிருந்து 70 வயசுக்குள்ள இருக்கணும்னு கல்வெட்டுல செதுக்கின ஊராச்சே! மாட்டுக்கு பல்லுதான் பர்த் சர்ட்டிஃபிகேட்.

சரி, அதே வீட்டுத் திண்ணையில படுத்திருக்கிற மணியோட வாயை யாராச்சும் பார்த்திருக்கோமா? அவனுக்கு மொத்தம் 42 பல். நம்மளைவிட பத்து ஜாஸ்தி.

'நாய் வாய்னா நாறத்தான் செய்யும்'னு ஒரு டயலாக் உண்டே, சுத்த உடான்ஸ். பல்லு மேல கிருமிப் படலம் படிஞ்சு, எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்தோட சேர்ந்து காரையா இறுகிடும். அப்புறம் ஈறு வீங்கும், பல்லைத் தாங்குற எலும்பே கரையும். மூணு வயசு தாண்டின நாய்கள்ல பெரும்பாலானதுக்கு இந்தப் பிரச்னை ஏதோ ஒரு அளவுல இருக்கு. வலிச்சாலும் பயபுள்ள சாப்பிடறதை நிறுத்தாது. ஒரு பக்கமா மெல்லும், சோத்தைக் கீழே போடும், அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே திடீர்னு வீங்கினா 'ஏதோ பூச்சி கடிச்சிருக்கு'ன்னு விட்டுடுவோம். மேல்கடைவாய்ப் பல்லோட வேர்ல சீழ் கட்டினாலும் அப்படித்தான் வீங்கும்.

ஒரு எச்சரிக்கை: தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, முழுங்க முடியாம தவிக்கிற நாயோட வாயில கையே விடாதீங்க. அது ரேபீஸாகூட இருக்கலாம். உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ட்ரீட்மென்ட்? 'ஆ' காட்டுன்னா மணி காட்டுவானா? அதனால முழு மயக்கம் கொடுத்துத்தான் அல்ட்ராசோனிக் கருவியால காரையை எடுப்பாங்க. மயக்கம் கொடுக்காம மேலாக சுரண்டினா பல்லு பளிச்னு இருக்கும், ஈறுக்கு அடியில இருக்கிற வில்லன் அங்கேயேதான் இருப்பான். முதல்ல பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல காட்டுங்க. அவங்க அனுப்பினா, 1903-ல ஆரம்பிச்ச சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில இருக்கு.

ஆனா சுமார் 90 கிலோமீட்டர், அதுவும் நாயோட! பஸ்ல கண்டக்டர் முகம் போற போக்கைச் சொல்லணுமா? வீட்டுலயே தினமும் பிரஷ் பண்றது ஈஸி பாஸ். குட்டியிலயே பழக்கிட்டா இன்னும் ஈஸி. நம்ம பேஸ்ட் மட்டும் வேண்டாம். மணிக்குத் துப்பத் தெரியாது. அதுல சைலிடால் இருந்தா உயிருக்கே உலை. நாய்க்குன்னே விக்கிற பேஸ்ட் இல்லேன்னா வெறும் தண்ணியில நனைச்ச பிரஷ் போதும். வெந்த எலும்பும் நோ. உடைஞ்சு தொண்டையில, குடல்ல குத்தும்.

அப்புறம், மணியோட பிரஷ்ஷைத் தனியா வைங்க. காலையில தூக்கக் கலக்கத்துல அப்பா எடுத்து விளக்கிட்டார்னா நாங்க பொறுப்பில்லை!