பால் ஊசி: மாட்டுக்கு என்ன கேடு, நமக்கு என்ன உரிமை?

கன்று முட்டி முட்டி ஊட்டத் தொடங்கிய ஓரிரு நிமிடங்களில் பசுவின் மடி இறுகிக் காம்புகள் விம்மும். மாடு வளர்ப்பவர்கள் இதை ‘சுரப்பு விட்டுடுச்சு’ என்பார்கள். சுரப்பை விடவைப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். கன்றின் வாய் பட்டதும் மூளை இதை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. மடிக்குள் பால் தேங்கியிருக்கும் நுண்பைகளை அது சுருக்கிப் பாலைக் காம்புக்கு இறக்குகிறது.

மாடு மிரண்டால் நடப்பது வேறு. அதட்டல், அடி, பழகாத கை, எதுவானாலும் அட்ரினலின் சுரந்து ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொள்வது முரண்டு அல்ல, உடலின் இயல்பு. மனிதர்களுக்கும் அப்படித்தான். குழந்தை அழும் சத்தம் கேட்டதும் தாய்க்குப் பால் கசிவது இந்த ஹார்மோனால்தான். வலியும் பயமும் இருந்தால் பால் இறங்கத் தாமதமாகும்.

குறுக்கு வழியின் விலை

கன்று செத்த மாட்டிடம் கறக்கவும், அவசரமாகக் கறக்கவும் சிலர் தினமும் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். ஊசியால் பால் இறங்கும். ஆனால் பழகிவிட்ட மாடு பிறகு ஊசி இல்லாமல் சுரப்பு விடாது. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குக் குத்தினால் நோய் தொற்றும், குத்திய இடத்தில் சீழ் கட்டும். லேபிள் இல்லாத பாட்டிலில் வரும் மருந்தின் வீரியம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பாலைக் குடித்தால் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்ற பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறிய மூலக்கூறு, குடலில் செரித்துவிடும். பாதிக்கப்படுவது முதலில் மாடுதான். அதற்காகவே இதைத் தடுக்க வேண்டும்.

மருந்து குற்றவாளி அல்ல

பிரசவத்துக்குப் பின் பெருகும் இரத்தப்போக்கைத் தடுக்க, குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் தர உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2018இல் மத்திய அரசு, மாடுகளுக்கு முறைகேடாகப் போடுவதைத் தடுக்க, தனியார் நிறுவனங்கள் உள்நாட்டு விற்பனைக்கு ஆக்சிடோசினைத் தயாரிக்கத் தடை விதித்தது. தாய்மார்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்று வழக்குத் தொடரப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. உயிர் காக்கும் மருந்தை முடக்காமல் முறைகேட்டை மட்டும் நிறுத்துவதே சரியான வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆக்சிடோசின் ‘எச்’ அட்டவணை மருந்து; மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 12இன்படி, கறவை மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் வகையில் பால் சுரப்புக்காக ஊசி போடுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மாடும் அரசால் பறிமுதல் செய்யப்படும்.

என்ன செய்யலாம்?

* தினமும் ஒரே நேரத்தில், முடிந்தவரை ஒரே ஆள் கறக்கட்டும்.
* வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, இதமாகத் தடவிவிடுங்கள். சுரப்பு விட்டதும் தாமதிக்காமல் கறந்து முடியுங்கள்; ஹார்மோனின் வேகம் சில நிமிடங்களே நிற்கும்.
* கன்று இல்லாத மாட்டுக்குக் கறக்கும் நேரத்தில் தீவனம் வைத்துப் பழக்குங்கள்.
* திடீரென்று பால் குறைந்தால் மடிநோயா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தமிழகத்தில் 1962 எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கும்.
* சீட்டில்லாமல் ஊசி மருந்து விற்பதைக் கண்டால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும், மாட்டுக்குத் தினமும் குத்துவதைக் கண்டால் காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

பால் வாங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. மாட்டை எப்படிக் கறக்கிறார்கள் என்று பால்காரரிடம் கேளுங்கள். ஊசி போடாமல் கறப்பவரிடமே வாங்குங்கள். நாலு காசு கூடக் கேட்டாலும் கொடுங்கள். ஊசியில்லாப் பாலுக்கு நியாயமான விலை கிடைத்தால்தான் இந்தப் பழக்கம் ஒழியும்.