நின்ற மோட்டார்

எங்கள் வரிச்சிக்குடியில் இரயில் நிலையம் கிடையாது. ஆயினும் நான் மின்சார எஞ்சின் ஓட்டியிருக்கிறேன், நண்பன் வீட்டுக் கணினி விளையாட்டில்! 1954இல் மின்மயமாகி 1981இல் மூடப்பட்ட இங்கிலாந்தின் உட்ஹெட் மலைப்பாதையின் எஞ்சின் அது. 1500 வோல்ட் நேர்மின்னோட்டம். நம் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையும் 1931இல் அதே 1500 வோல்ட்டில்தான் தொடங்கியது.

கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினேன். பிரேக்கர் விழுந்தது. மறுபடியும் அதுவே. முதலாண்டுச் செய்முறைத் தேர்வில் 'எதிர் மின்னியக்கு விசை' பற்றிக் கேட்டபோது வாய்பாட்டை ஒப்பித்துவிட்டு விழித்தது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஐயம் கேட்க அங்கே ஆளில்லை.

சுழலாத மோட்டாரில் எதிர் விசை சுழி. சுருளின் மின்தடையும் சொற்பம். ஆகவே மின்னோட்டம் வெள்ளமாய்ப் பாயும். அதைத் தடுக்கவே மோட்டார்களைத் தொடரிணைப்பில் வைத்து, வெளித் தடைகளையும் சேர்க்கிறார்கள். வேகம் ஏற ஏற எதிர் விசை வளரும். ஓட்டுநர் அம்மீட்டரைப் பார்த்தபடி தடைகளைப் படிப்படியாக நீக்கி, பிறகு பக்க இணைப்புக்கு மாறுவார். நீக்காமலே நெடுந்தூரம் ஓட்டினால் தடைகள் பழுக்கக் காய்ந்துவிடும்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். "அதான் பம்பு மோட்டாரப் போட்டா பல்பு மங்குதா?" என்றார். அது மாறுமின்னோட்ட மோட்டார், விவரம் வேறு. ஆனால் கிளம்பும்போது அதிகம் இழுப்பது உண்மை என்றேன்.

"மாடும் அப்படித்தாண்டா. வண்டி கிளம்புறப்பதான் அதுக்கு மூச்சு வாங்கும்."