சுவாமிகளிடம் சில கேள்விகள்

கலைஞர்களைப் பேட்டி காணப் போகிறவர்கள் கையில் எப்போதும் நாலைந்து கேள்விகள் தயாராக இருக்கும். "எழுத உட்காருவது காலையிலா, இரவிலா?" "பிடித்த வேஷம் எது?" "குழந்தைகள் எத்தனை பேர்?" சினிமா நட்சத்திரமானாலும் சரி, சங்கீத வித்வானானாலும் சரி, கேள்விகள் மாறுவதில்லை. நீங்களும் அலுக்காமல் படிக்கிறீர்கள்!

இந்த வாரம் அதே கேள்விகளை ஒரு பெரியவரிடம் கேட்கலாம், வாருங்கள். அவர் இருக்கும் இடம் புதுச்சேரி நகரின் வடபுறத்திலுள்ள கருவடிக்குப்பம். ஒரே ஒரு சங்கடம். அவர் 1922-ஆம் வருஷம் நவம்பர் 13-ஆம் தேதியே காலமாகி, அங்கே சமாதியில் இருக்கிறார். வாய் திறக்க மாட்டார். ஆனாலும் அவருடைய வாழ்க்கையில் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அவர்தாம் நாடகத் தலைமையாசிரியர் என்று பெயர் பெற்ற சங்கரதாஸ் சுவாமிகள்.

"முதலில் என்ன உத்தியோகம் பார்த்தீர்கள்?"

உப்புக் கணக்கு! 1867-இல் தூத்துக்குடிச் சீமையில், காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரன். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் படித்தவர். அப்படிப்பட்டவர் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுத உட்கார்ந்தார். பேரேட்டில் மனம் ஒட்டவில்லை. இருபத்து நான்காவது வயதில் நாடகத்துக்கு வந்துவிட்டார். நடுவில் உலகமே வேண்டாம் என்று தல யாத்திரை கிளம்பினார். 'சுவாமிகள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளை இவரைத் தம் மகனாகவே பாவித்து வைத்துக்கொண்டார். கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்த லய மேதை அல்லவா அவர்! சுவாமிகளின் பாட்டில் தாளம் தவறாமல் நடப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

"பிடித்த வேஷம் எது?"

எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்கள்தாம் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. அதற்கு முடிவும் பயங்கரமாகத்தான் வந்தது. சனீஸ்வரன் வேஷத்தைக் கழுவ விடியற்காலையில் நீர்த்துறைக்குப் போனவரைக் கண்டு ஒரு பெண் அஞ்சி உயிரை விட்டாள் என்பார்கள். எமனாக மேடையில் தோன்றியபோது சபையிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்பார்கள். நாடக உலகம் வழிவழியாகச் சொல்லி வரும் கதை இது. சுவாமிகள் வேஷம் கட்டுவதையே விட்டார். கைதட்டல் வாங்கித் தரும் வேஷத்தைப் பிறர் கண்ணீருக்காக உதறித் தள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

"எழுதுவது எப்போது?"

ராத்திரியில்! ஓர் இரவு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது விடிந்தபோது 'அபிமன்யு சுந்தரி' முடிந்திருந்தது. பாட்டும் வசனமுமாக ஒரு முழு நாடகம். அடித்தல் திருத்தல் கிடையாதாம்! அவருடைய சீடர் டி. கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். மளிகை ஜாபிதா எழுதவே இரண்டு தாள் கிழிக்கும் நமக்குப் பெருமூச்சுத்தான் வருகிறது.

'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சதி அனுசூயா' என்று சுவாமிகளின் நாடகங்களை 68 வரை எண்ணுகிறார்கள். அச்சில் கிடைப்பவை அவற்றில் ஒரு பகுதிதான்.

"குழந்தைகள்?"

கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் வீடு நிறையப் பிள்ளைகள்!

பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்கவில்லை. எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு மனம் போனபடி பேசினார்கள். சிறுவர்களானால் சொன்னபடி கேட்பார்களே என்று பால நாடக சபைகளில் இறங்கினார். 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' பிறந்தது. அதில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு!

சகோதரிகளே, ஆறு வயதுப் பிள்ளையை, ஊர் ஊராகப் போகும் கம்பெனிக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? பல வீடுகளில் அடுப்பெரிய வேறு வழியில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சோற்றோடு தமிழும், தாளமும், மேடையில் நிற்கும் தைரியமும் கிடைத்தன. இராத்திரி கண் விழித்து, பகலில் பாடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பெண் வேஷமும் அவர்களுடையதுதான். அந்தச் சண்முகம்தான் பின்னாளில் கிழவி வேஷம் கட்டி, 'ஔவை சண்முகம்' ஆனார். அவருடைய சபையில் பயின்ற கமல்ஹாசன் 1996-இல் மாமி வேஷம் போட்டபோது, படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வந்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

"உங்கள் நாடகம் இன்னும் ஓடுகிறதா, சுவாமி?"

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். 'ஸ்பெஷல் நாடகம்' என்று போட்டிருப்பார்கள். வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவாள், முருகன் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள் கூட உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் திரை விலகினால், வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்து விடியும்வரை சபையைக் கட்டிப் போடுவார்கள். எப்படி? எல்லோருக்கும் பாடம் ஒன்றே. சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் தெரிந்திருந்தால் போதும். எந்த ஊர் மேடையிலும் ஏறலாம், அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். ஒரு காலத்தில் பெண்ணுக்கு இடமில்லாதிருந்த பால சபையின் பாடத்தை வைத்து, இன்று எத்தனையோ பெண்கள் வள்ளியாக வேஷம் கட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். புகழை விடுங்கள், தான் போன பிறகும் நூறு வருஷமாகப் பிறர் வீட்டில் உலை கொதிக்கச் செய்த எழுத்து எத்தனை இருக்கிறது?

கடைசிக் காலத்தில் பக்கவாதம் அவரைத் தாக்கியது, பேச்சும் தடைப்பட்டது. ஊர் ஊராகப் போன சபை புதுச்சேரியில் இருந்தபோது, ஐம்பத்தைந்தாவது வயதில், கண்ணை மூடினார்.

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரை, மணக்குள விநாயகர் எல்லாம் பார்க்கிறார்கள். கருவடிக்குப்பத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பாரதியார் உலாவிய குயில் தோப்பும் அந்தப் பக்கந்தான். நவம்பர் 13-ஆம் தேதியாக இருந்தால் இன்னும் நல்லது. நாடகக் கலைஞர்கள் சுவாமிகளை வணங்க வந்திருப்பார்கள். உங்கள் மிச்சக் கேள்விகளை அவர்களிடமே கேட்கலாம்.