சாயம் தின்னும் சேறு

புதுக் கண்டாங்கிச் சேலையை ஒரு கை கல்லுப்புப் போட்டு முதல் தடவை அலசுகிறீர்கள். வாளித் தண்ணீர் சிவந்துபோகிறது. "ஐயோ, கொடுத்த பணம் கரைகிறதே!" என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிடுகிறோம். அப்புறம் அந்தச் சாயம் என்ன ஆகிறது என்று யோசித்ததுண்டா?

இன்றைய செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் 'அஸோ' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. கும்மியடிக்கும் பெண்களைப்போல் ஆறு கரி அணுக்கள் வட்டமாக நிற்கின்றன. எதிரே அதேபோல் இன்னொரு வட்டம். நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் பாலம் போடுகின்றன. பாலம் இருக்கும் வரையில்தான் நிறம். இப்படி வளையம் உள்ள பொருள்களுக்கு 'நறுமணச் சேர்மங்கள்' என்று பெயர். ஆதியில் அகப்பட்ட சில பொருள்கள் மணத்தன, பெயர் நிலைத்துவிட்டது. அதை நம்பிச் சாக்கடையை முகர்ந்து பார்த்துவிடாதீர்கள்!

காற்றுப் புகாத ஊருணிச் சேற்றிலும் சாக்கடை அடியிலும் சில கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன. உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்களை எங்காவது இறக்கிவைத்தால்தான் எந்த உயிரும் பிழைக்கும். நமக்குப் பிராணவாயுவே சுமைதாங்கிக் கல். சேற்றுக் கிருமிக்கு அது ஏது? அகப்பட்ட சாயத்தின் தலையில் சுமையை இறக்கிவிடுகிறது. பாலம் முறிகிறது, சிவந்த நீர் வெளுத்துவிடுகிறது.

அப்பாடா என்று இருக்கிறதா? சற்றுப் பொறுங்கள். பாலம் போயிற்றே தவிர வளையங்கள் அப்படியே இருக்கின்றன. 'அமீன்' எனப்படும் அந்தத் துண்டுகளில் சில, சாயத்தைவிடப் பொல்லாதவை. சில சாயங்களிலிருந்து பிரியும் பென்ஸிடின், மூத்திரப்பையில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. பார்வைக்கோ அந்தத் தண்ணீர் பரம சாது!

துண்டுகளில் பலவற்றைச் சிதைக்கக் காற்றை விரும்பும் கிருமிகள் வேண்டும். ஆகவே முதல் தொட்டியைக் காற்றுப் படாமல் மூடிவைத்து, அடுத்த தொட்டியில் காற்றை ஊதுகிறார்கள். காற்றில்லாமலே வளையத்தை உடைக்கும் சூரர்களும் உண்டு. அமெரிக்காவின் போடோமாக் நதிச் சேற்றில் 1987-ல் அகப்பட்ட ஜியோபாக்டர், இரும்புத் துருவைச் சுமைதாங்கியாக்கி, பெயிண்டில் கலக்கும் டொலுவீனைத் தின்கிறது.

ஒரு வாளிக்கு இவ்வளவு கதை என்றால் பட்டறைக் கழிவுக்கு எவ்வளவு! திருப்பூரின் நொய்யல் நதி சாயக் கழிவால் பாழானதால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

கண்டாங்கி நெய்யும் காரைக்குடியிலேயே இந்தச் சாயத்தோடு மல்லுக்கட்டியவர்கள் இருக்கிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், சாயக் கழிவுநீரில் மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்திருக்கிறார்கள். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் இரும்புக் குழாய்களை அரித்துத் தின்பதையும் அங்கே ஆராய்ந்ததுண்டு.