ஆஸ்தியாவின் தானியக் கிட்டங்கிகள்

ரோமாபுரிக்குத் தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில், டைபர் நதியின் முகத்துவாரத்தில் அமைந்த பழைய துறைமுகப் பட்டணம் ஆஸ்தியா. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த கோதுமை இந்த வட்டாரத்தில் இறங்கித்தான் ரோம் நகரத்துக்குப் போயிற்று. பிற்பாடு வண்டல் படிந்து கடல் சுமார் 3 கிலோமீட்டர் விலகிவிட்டது. ஊரும் அழிந்தது.

கோயில்களைவிட அங்குள்ள கிட்டங்கிகளே நாம் பார்க்க வேண்டியவை. ஈரம் ஏறாமலிருக்க, குட்டைச் சுவர்கள் மேல் தரையை உயர்த்தி, அடியில் காற்றோட விட்டிருக்கிறார்கள். நாம் மூட்டைக்கு அடியில் கட்டை போடுகிறோமே, அதே யோசனைதான்! கி.பி. 150-ஐ ஒட்டிக் கட்டிய ஒரு கிட்டங்கியின் வாசலில் எபகாத்தஸ், எபாஃப்ரோடிட்டஸ் என்ற உரிமையாளர்களின் பெயர் சலவைக்கல்லில் உள்ளது. இருவரும் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்கள்.

நாடகக் கொட்டகையின் பின்னே ஒரு சதுக்கம். சுற்றிலும் சுமார் 60 வியாபார அறைகள். வாசல் தரையில் கறுப்பு வெள்ளைச் சில்லுக் கற்களால் கப்பல், தானிய அளவை என்று சித்திரங்கள். சப்ராத்தா ஊர் வணிகர்கள் யானை பதித்திருக்கிறார்கள். எழுத்தறியாதவனுக்கும் கடை தெரியும்.

தானியம் அளப்போருக்கும் தனிச் சங்கம் இருந்தது. அவர்கள் மண்டபத் தரையில் மூட்டை சுமப்பவர், கணக்குக்கு நிற்கும் பையன், நடுவில் மோடியஸ் என்னும் சுமார் 8.7 லிட்டர் அளவை. அளப்பவர் கையில் தலைதட்டும் கோல். என் தகப்பனார் காலத்து மண்டியில் மரக்காலைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்றுதான் தினம் வாக்குவாதம் நடக்கும்.