சர்க்கரை நோய் ஆய்வு: எந்த எலி?

புது தில்லி: சர்க்கரை நோய் ஆய்வில் எலிகள் எல்லாம் ஒன்றல்ல. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் மருந்தை அதிக அளவில் செலுத்தினால், எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிகின்றன. இது முதல் வகை நோயை ஒத்தது. இந்தியரில் பெரும்பாலோரைப் பீடிப்பதோ இரண்டாம் வகை.

இதற்கு நெருங்கி வருபவை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பருமன் எலிகள். குன்னூரில் தோன்றி ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனத்தில் இயற்கையான மரபணு மாற்றத்தால் பிறந்த இவை பற்றிய ஆய்வறிக்கை 1996-ல் வெளியானது. இவற்றில் ஒரு பிரிவுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு.

சிறு விலங்கு போதுமெனில் பெரிய விலங்கைத் தவிர்க்குமாறு 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. 2023-ம் ஆண்டு மருந்து விதித் திருத்தம் செல் வளர்ப்பு, கணினி மாதிரிகளுக்கும் இடமளித்தது. பொருந்தாத விலங்கைத் தேர்ந்தால் உயிரும் வீண். மக்கள் வரிப்பணமும் வீண். ஆய்வுக்கு அனுமதி அளிக்கும் நெறிமுறைக் குழுக்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.