வரும்படிக்கு மிஞ்சிய பாகப் பத்திரம்

நாலைந்து வருஷம் அமோகமாக விளைந்ததென்று, அதையே நிரந்தர வரும்படியாக எண்ணிச் சகோதரர்கள் பாகப் பத்திரம் எழுதிக்கொள்வார்களா? ஐக்கிய அமெரிக்காவின் ஏழு மாகாணங்கள் 1922-ஆம் வருஷத்தில் கொலராடோ நதி விஷயத்தில் அவ்விதமே செய்தன.

ராக்கி மலைப் பனி உருகிப் பெருகும் அந்நதியில் மேற்பகுதிக்கு வருஷந்தோறும் 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம் என்று பங்கு குறித்தார்கள். (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழம் நிற்கும் நீரே ஏக்கர் அடி.) 1944-இல் மெக்ஸிகோவுக்கும் 15 லட்சம் வாக்களிக்கப்பட்டது. ஆனால் கணக்குக்கு ஆதாரமான வருஷங்களோ, நதி வழக்கத்துக்கு மேல் பெருகியவை!

இந்த ரகசியத்தை வெளியிட்டவை மரங்கள். ஈரம் மிகுந்த வருஷத்தில் மரத்தின் வளையம் அகன்றிருக்கும். வறண்ட வருஷத்தில் ஒடுங்கியிருக்கும். பல நூற்றாண்டு வளையங்களை அளந்த விஞ்ஞானிகள், நதியின் சராசரி வரவு சுமார் 135 லட்சம் ஏக்கர் அடிதான் என்று 1976-இல் அறிவித்தார்கள்.

இப்போது வெப்பமும் சேர்ந்துகொண்டது. பனி குறைகிறது, உருகிய நீரையும் உலர்ந்த மண்ணும் செடிகொடிகளும் உறிஞ்சிவிடுகின்றன. 2000 முதல் 2014 வரையில் நீர்வரத்து, சென்ற நூற்றாண்டின் சராசரியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2022-இல் ஹூவர் அணையின் மீட் ஏரி, முதன்முதல் நிரம்பிய 1930-களுக்குப் பிறகு காணாத தாழ்வை அடைந்தது.

அந்நதியை நம்பியிருப்போர் சுமார் நாலு கோடிப் பேர். பத்திரத்தில் எழுதிய ஜலம் அவர்களுடைய தாகத்தைத் தணிக்குமா? நதியைப் பங்கிடுவோர் செழித்த வருஷங்களை மட்டும் நம்பாமல், மரங்களின் சாட்சியத்தையும் கேட்கட்டும் என்பதே நாம் சொல்வது.